ஏழுன்னா எப்படி இருக்கும்?

சேதுபதி மாஸ்டருக்குத் தெரியாத கணக்கு சிங்கப்பூரிலேயே கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

செராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக முதல் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார். அவருடைய முறை ரொம்பச் சுருக்கம். கரும்பலகையில் வாய்ப்பாடு, கையில் பிரம்பு. "ஓரேழு ஏழு!" என்று அவர் கத்தினால் நாற்பது வாய் திருப்பிக் கத்த வேண்டும். கத்தாத வாய்க்குச் சொந்தமான கை சிவந்துபோகும். இதற்குமேல் ஒரு மனுஷன் கணக்குச் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

இருக்கிறது என்று சொல்லி, 1966-ஆம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் முதல் வகுப்புக்கு எண்களை விளையாட்டு மூலமாகத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்காக ஆசிரியர்கள் ஆறு சனிக்கிழமை சமூக நிலையத்தில் பயிற்சிக்கு வர வேண்டும். ஆறாவது சனிக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறாதவர்கள் சுவா சூ காங் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றப்படலாம்.

மற்றதையெல்லாம் மூக்கால் சிரித்துக்கொண்டே படித்த மாஸ்டர் கடைசி வரியில் மூச்சை நிறுத்தினார். அந்தக் காலத்துச் சுவா சூ காங்குக்கு வேலையில்லாமல் யாரும் போக மாட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கினால் செம்மண் பாதை. ஒரு பக்கம் பன்றிப் பண்ணை, மறு பக்கம் கோழிப் பண்ணை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே ஒலி முகம்மதுவின் கோப்பிக்கடை கிடையாது. கடைக்குப் பின்னால் இருக்கிற கேரம் பலகையும் கிடையாது. அது இல்லாமல் மாஸ்டர் எப்படி உயிர் வாழ்வார்?

"கண்மணி! கேட்டியா இந்த அநியாயத்தை?"

கண்மணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க?"

"கணக்கை விளையாட்டாச் சொல்லிக் குடுக்கணுமாம்! கணக்கு என்ன பம்பரமா?"

"விளையாட்டாச் சொன்னா பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்ல?"

"பிடிக்கிறதுக்கா கணக்கு? பயப்படறதுக்கு!"

கண்மணி முறத்தைக் கீழே வைத்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேங்க. பக்கத்து வீட்டு ரத்தினம்மா சொன்னாங்க. அதே சமூக நிலையத்துல பாலர் வகுப்பு ஆரம்பிக்கப் போறாங்களாம். சொல்லிக் குடுக்கப் பொம்பளைங்க வேணுமாம். பெரிய படிப்பெல்லாம் வேண்டாமாம், அவங்களே பயிற்சி..."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. "நீயா? நீ மூணாங் கிளாஸ்! பாலர் வகுப்புக்கு நீ போனா பாலர் பெஞ்சிலதான் உக்காரணும்!"

ஒரே மகளைப் போன வருஷம்தான் மலாக்காவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாடி வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். பகல் பொழுது எத்தனை நீளம் என்று பள்ளிக்கூடம் போய் வருகிற மாஸ்டருக்குத் தெரியாது. கண்மணிக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு அவளுக்கு நிஜமாகவே வலித்தது. ஆனால் அவள், "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

பெண்டாட்டி "சரிங்க" என்று சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் யாராவது ஒருத்தி சோறு போட்டுத்தானே ஆக வேண்டும்!

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "உங்க காரியம் நல்லபடியா முடியணும்னு ஆறு சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு விளக்குப் போடறதா வேண்டிக்கிட்டேங்க."

"போடு, போடு. தாராளமாப் போடு."

கடிதத்திலும் ஆறு சனிக்கிழமை, வேண்டுதலிலும் ஆறு சனிக்கிழமை. இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்த ஆறையும் அந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முதல் சனிக்கிழமை மாஸ்டர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். சமூக நிலையத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கட்டமாகப் போட்டு எண் எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், தொண்ணூறு கிலோ இருப்பார், கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்று பயிற்சி நடத்திய பதுருன்னிசா டீச்சர் கை தட்டி, "இன்னும் ரெண்டு தாண்டுங்க சார்! இப்ப எந்த எண்ணுல நிக்கிறீங்க?" என்றார்.

"எட்டு!" என்று தலைமையாசிரியர் மூச்சு வாங்கக் கூவினார். அவர் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்!

மாஸ்டர் வந்த வழியே திரும்பினார். அந்தக் கூடத்தில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை. நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"என்ன மாஸ்டர், கிளாஸ் இல்லையா?" என்றார் ஒலி முகம்மது, கோப்பியை ஆற்றிக்கொண்டே.

"எனக்கு யார் பாய் கிளாஸ் எடுக்கிறது? காயை அடுக்குங்க."

அன்று வீடு திரும்பி அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும்போது கண்மணியும் வந்தாள். கையில் துளசி, நெற்றியில் குங்குமம், முகத்தில் லேசான வியர்வை.

"என்னங்க, இன்னைக்குக் கிளாஸ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"அது வந்து... எண்களோட தத்துவம்."

"குதிக்கச் சொன்னாங்களா?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குதிக்கவா? எதுக்குக் குதிக்கணும்?"

"இல்ல, விளையாட்டுன்னீங்களே. அதான் கேட்டேன். நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"முன் வரிசை. ஜன்னல் பக்கம். டீச்சரே, 'சேதுபதி சார், நீங்க வந்து இவங்களுக்கு விளக்குங்க'ன்னு என்னை முன்னால கூப்பிட்டாங்கன்னா பாத்துக்கோயேன்!"

கண்மணி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. கேட்டதற்கு, மிளகாய் நெடி என்றாள். அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை.

இரண்டு சனிக்கிழமை கேரத்தில் போனது. மூன்றாவது வாரம் மாஸ்டருக்குக் கனவில் பன்றி வந்தது. ஒரு பன்றி இல்லை, ஒரு வகுப்பு நிறையப் பன்றிகள் பெஞ்சில் உட்கார்ந்து "ஓரேழு ஏழு" என்றன. விழித்ததும் முடிவு செய்தார். பயிற்சிக்குப் போய்க் குதிக்கிறது என்பது நடக்காத காரியம். வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியதுதான். பழகுவதற்கு ஒரு மாணவர் வேண்டுமே? ஒன்றும் தெரியாத, எதிர்த்துப் பேசாத மாணவராக இருந்தால் நல்லது.

"கண்மணி, இங்க வா. இன்னையிலேர்ந்து நீதான் என் மாணவி."

"நானா? மூணாங் கிளாஸ்தானேங்க?"

"அதனாலதான் சொல்றேன். உனக்கே புரிய வச்சுட்டேன்னா எவனுக்கும் புரிய வச்சிடலாம்."

"சரிங்க," என்றாள் கண்மணி.

ஞாயிற்றுக்கிழமை காலை பாடம் ஆரம்பமானது. மாஸ்டர் சிலேட்டில் 7 என்று பெரிதாக எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன? ஏழு. சொல்லு, ஏழு."

கண்மணி சிலேட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இதுவா ஏழு? ஒண்ணுதானேங்க இருக்கு?"

"என்னது?"

"ஒரே ஒரு கோடு வளைஞ்சு கிடக்கு. இது எப்படிங்க ஏழாகும்?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். பெண்டாட்டியை அடிக்க முடியுமா? முடியாது. பிரம்பு பள்ளிக்கூடத்தில் இருந்தது, தவிர அவருக்குத் தைரியமும் இல்லை.

"ஏழுன்னா ஏழு! அவ்வளவுதான்!"

"ஏழுன்னா எப்படி இருக்கும்? கோவிச்சுக்காமக் காட்டுங்களேன்."

எதைக் காட்டுவது? சுற்றுமுற்றும் பார்த்தார். வசதியாகக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கூடை சின்ன வெங்காயம் இருந்தது. அதை யார் அங்கே வைத்தார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. ஏழு வெங்காயத்தை எடுத்து வரிசையாக வைத்தார். கண்மணி அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தாள். வரிசை பாயின் அந்தக் கோடி வரை போனது.

"இப்ப அதிகமாயிடுச்சே!"

"எப்படி அதிகமாகும்? அதே ஏழுதான்."

"முழத்துக்கு இருந்தது பாய் நீளத்துக்கு ஆயிடுச்சே? எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணினார். ஏழு. அவருக்கே ஒரு நிம்மதி வந்தது. அது ஏன் வர வேண்டும் என்று குழம்பினார்.

"சரிங்க. தோலோட ஏழு. தோலை உரிச்சா?"

"உரிச்சாலும் ஏழுதான்."

"உரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. அவர் ஒருநாளும் உரித்துப் பார்த்ததில்லை. உட்கார்ந்து ஏழையும் உரித்தார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது.

"ஏழுதான்!" என்றார் வெற்றியோடு.

"ஆமாங்க! ஏழுக்குச் சரி. பதினஞ்சுக்கும் அப்படித்தானா? எனக்கு அங்கதான் சந்தேகம்."

பதினைந்துக்கும் பார்த்தார்கள். இருபத்தைந்துக்கும் பார்த்தார்கள். கூடை காலியானதும் கண்மணிக்குச் சுத்தமாகப் புரிந்துவிட்டது. "எவ்வளவு அழகாச் சொல்லிக் குடுக்கறீங்க! உங்ககிட்டப் படிக்கிற பிள்ளைங்க குடுத்து வச்சதுங்க," என்று சொல்லி, உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு போனாள். மாஸ்டரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. மத்தியானம் சாம்பார் அமோகமாக இருந்தது.

சமையலறை வாசலில் உட்கார்ந்து அவள் ஒரு நோட்டில் ஏதோ எழுதுவதைப் பார்த்தார்.

"என்ன எழுதறே? மளிகைச் சாமானா?"

"இன்னைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேங்க. மறந்துடக் கூடாதுல்ல?"

நல்ல மாணவி, பாடக் குறிப்பெல்லாம் எடுக்கிறாள் என்று மாஸ்டர் சந்தோஷப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை கழித்தல் பாடம். கண்மணி துவைத்த சட்டைகளைக் கொண்டுவந்து போட்டாள். "இந்தச் சட்டைக்கு ஆறு பொத்தான் இருக்கணும். நாலுதான் இருக்கு. எத்தனைங்க குறையுது?"

"ரெண்டு. இது ஒரு கேள்வியா?"

"ரெண்டுன்னு எப்படி நிச்சயமாத் தெரியும்?"

மாஸ்டர் வாய்ப்பாடு சொன்னார். அவள் தலையில் ஏறவில்லை. கோடு போட்டுக் காட்டினார். ஏறவில்லை. கடைசியில் ஊசி நூலை வாங்கி, "இதோ பாரு, ஒண்ணு! இதோ ரெண்டு! இப்ப ஆறு ஆச்சா?" என்று தைத்தே காட்டிவிட்டார். அப்போதுதான் ஏறியது. எழுந்து நின்றபோது சட்டையும் கூடவே எழுந்து வந்தது. உடுத்தியிருந்த வேட்டியையும் சேர்த்துத் தைத்திருந்தார். அன்றைக்கும் சமையலறையில் மிளகாய் நெடி ரொம்ப அதிகம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பெரிய கூத்து.

"நம்ம வீட்டு மாடிப்படி எத்தனைங்க?"

பத்தொன்பது வருஷமாக ஏறி இறங்குகிற படி. மாஸ்டருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. "பதினாறு," என்றார்.

"எண்ணிப் பாத்தீங்களா?"

இறங்கிப் போய்க் கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறினார். ஆறாவது படியில் கால் வைத்தபோது ரத்தினம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மாஸ்டர், மணி என்ன?" என்றாள். கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு," என்றார். பிறகு, "பன்னெண்டு, பதிமூணு," என்று ஏறி இருபத்திரண்டில் வந்து நின்றார்.

"இருபத்திரண்டா? அவ்வளவு இருக்காதேங்க. இன்னொரு தடவை பாருங்க. கீழே போறதுதான் போறீங்க, பாய் கடையில தேங்காய் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், அதையும் வாங்கிட்டு வந்துடுங்க."

இறங்கும்போது பதினாறு வந்தது. தேங்காயோடு ஏறும்போது பதினெட்டு வந்தது. கண்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏறினா இருபத்திரண்டு, இறங்கினா பதினாறு, தேங்காயோட ஏறினா பதினெட்டு. நடுவுல அந்தப் படியெல்லாம் எங்கேங்க போயிட்டு வருது?"

மாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றியது. கணக்கு என்பது இத்தனை நாளாகக் கரும்பலகையில் சமர்த்தாக இருந்தது. படிக்கட்டுக்கு வந்ததும் இப்படி ஆட்டம் காட்டுகிறதே!

"எனக்கு ஒண்ணு தோணுதுங்க. தப்பா இருந்தா திட்டாதீங்க. ஒரு படிக்கு ஒரு புளியங்கொட்டை வச்சுக்கிட்டே வாங்க. அப்புறம் பொறுக்கி எண்ணிக்கலாம். யார் மணி கேட்டாலும் கொட்டை மாறாதுல்ல? ஆனா தூசிக்குள்ள கொட்டை தெரியாது. முதல்ல ஒரு தடவை பெருக்கிடுங்க."

பெருக்கினார். வைத்தார். பொறுக்கினார். பதினேழு. இரண்டாம் முறையும் பதினேழு. மாஸ்டருக்கு ஏனோ கண் கலங்கியது. வெங்காயம் பக்கத்தில் இல்லை.

ஒலி முகம்மதுவிடம் மனசைத் திறந்து கொட்டினார். "பாய், நான் பாடம் சொல்லிக் குடுக்கிறேனா, இல்ல வீட்டு வேலை செய்யறேனா, ஒண்ணும் புரியலை."

"எனக்கு அந்தக் குழப்பமே வந்ததில்லை லா மாஸ்டர்," என்றார் ஒலி முகம்மது. "எங்க வீட்டுல பாடமே கிடையாது. நேரா வேலைதான்."

ஆறாவது சனிக்கிழமையும் வந்தது. மாஸ்டர் பையில் புளியங்கொட்டையும் வயிற்றில் புளியுமாகச் சமூக நிலையத்துக்குப் போனார். கூடத்தில் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இன்ஸ்பெக்டர். பாலர் வகுப்புக்காகப் பயிற்சிக்கு வந்த பெண்கள் பின்னறையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது.

பதுருன்னிசா டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் சேதுபதி சாரா? உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்."

ஒரு வகுப்புக்கும் வராமலே இத்தனை புகழா என்று மாஸ்டருக்குக் குழப்பமும் பெருமையும் சேர்ந்து வந்தன.

அவர் முறை வந்தது. எட்டுச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்துப் பழக்கதோஷத்தில், "ஓரேழு ஏழு!" என்று ஒரு கத்துக் கத்தினார். எட்டுப் பேரும் நடுங்கினார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். மாஸ்டரின் மூக்குக்குச் சுவா சூ காங் பன்றிப் பண்ணை வாடை அடித்தது.

பலகையில் 7 என்று எழுதினார். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது அவர் வாய் தானாகப் பேசியது.

"இதுவா ஏழு? ஒண்ணுதானே இருக்கு?"

சடைக்காரி நிமிர்ந்தாள். "சார், அது எழுதறது. ஏழு அது இல்ல."

"அப்படியா? அப்ப ஏழுன்னா எப்படி இருக்கும்? எனக்குத் தெரியலையே. காட்டுங்களேன்."

அவ்வளவுதான். ஒரு பெரிய மனுஷனுக்கு ஏழு தெரியவில்லை என்றால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? எட்டுப் பேரும் பாய்ந்து வந்து அவர் பையிலிருந்த புளியங்கொட்டையை எடுத்து ஏழு ஏழாக வைத்தார்கள். மாஸ்டர் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்து, "ஐயையோ, அதிகமாயிடுச்சே!" என்றார். "இல்ல சார்! எண்ணிப் பாருங்க சார்!" என்று கூரை பறக்கக் கத்தினார்கள். கொட்டையைக் கையில் மூடி மறைத்தார், எத்தனை குறைகிறது என்று சரியாகச் சொன்னார்கள். கடைசியில் சுண்ணாம்புக் கட்டத்தில் குதித்துக் காட்டச் சொன்னார்கள். மாஸ்டர் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டு வரை குதித்தார். நன்றாகத்தான் இருந்தது!

இன்ஸ்பெக்டர் எழுந்து கை தட்டினார். "பிரமாதம்! தெரியாத மாதிரி கேட்டுப் பிள்ளைங்களையே சொல்ல வச்சீங்க பாருங்க, அதுதான் வித்தை. எங்க கத்துக்கிட்டீங்க?"

"சொந்த முறைங்க. வீட்டுல ஒரு மக்கு மாணவி. மூணாங் கிளாஸ். அவளை வச்சுப் பழகினேன்."

பின்னறையில் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிள்ளைகள் ஏதோ சேட்டை செய்கின்றன போலிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

பதுருன்னிசா டீச்சர் ஒரு நோட்டோடு எழுந்தார். "பயிற்சிக்கு வந்த எல்லாரும் வீட்டுல ஒரு மாணவனை வச்சுப் பழகி, அதைப் பத்தி எழுதிக் குடுத்திருக்கீங்க. அதுல ரொம்ப நல்லா இருந்த நோட்டு இது. மாணவன் பேரு எழுதலை. கேளுங்க. 'முதல் நாள். மாணவனுக்கு ஏழு என்று எழுதத் தெரிகிறது. ஏழு என்றால் என்ன என்று தெரியவில்லை. கேட்டால் கோபம் வருகிறது.'"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"'பாராட்டினால் படிக்கிறான். பாராட்டாவிட்டால் கோப்பி கேட்கிறான்.'"

"சரியான மடப்பயலா இருப்பான் போல!" என்று மாஸ்டர் பக்கத்திலிருந்த தொண்ணூறு கிலோ தலைமையாசிரியரின் தொடையில் தட்டினார்.

"'இரண்டாம் நாள். கழித்தல். சட்டைக்குப் பொத்தான் தைத்தான். உடுத்தியிருந்த வேட்டியையும் சேர்த்துத் தைத்துவிட்டான்.'"

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

"'மூன்றாம் நாள். மாடிப்படி எண்ணினான். நடுவில் ஒருவர் மணி கேட்டார். மணியையும் கூட்டிக்கொண்டான். மாணவன் வயது, நாற்பத்தெட்டு.'"

கூடமே சிரிப்பில் வெடித்தது. பின்னறைக் கதவு திறந்தது. இரண்டு பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வர, கண்மணி வெளியே வந்து நின்றாள். நெற்றியில் பெருமாள் கோயில் குங்குமம் அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்து முடித்து வருகைப் பதிவைப் புரட்டினார். முகம் மாறியது. "சேதுபதி சார், நீங்க அஞ்சு வகுப்புக்கும் வரலையே! வராதவங்களுக்குத் தேர்ச்சி குடுக்க முடியாதே?"

மாஸ்டருக்கு மறுபடியும் பன்றி வாடை வந்தது.

"வந்திருக்கார் சார்," என்றார் பதுருன்னிசா டீச்சர். "பக்கத்துக் கட்டத்தைப் பாருங்க. வீட்டு வகுப்பு. ஒருநாள்கூடத் தவறலை. கண்மணி டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. திங்கக்கிழமையிலேர்ந்து பாலர் வகுப்பு அவங்க பொறுப்புதான்."

இன்ஸ்பெக்டர் கையெழுத்தைப் பார்த்தார், கண்மணியைப் பார்த்தார், "தேர்ச்சி" என்று எழுதினார்.

இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். பூக்கடை தாண்டியதும் மாஸ்டர் கேட்டார்.

"நான் கிளாசுக்கு வரலைன்னு உனக்கு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும். ஜன்னல்ல உங்க தலையைப் பாத்தேனே."

"நீ மட்டும் பொய் சொல்லலையா? கோயிலுக்குப் போறேன்னியே?"

"போனேனே! பெருமாளுக்கு விளக்குப் போட்டுட்டுத்தான் கிளாசுக்குப் போனேன். விளக்கும் உங்களுக்காகத்தான் போட்டேன்."

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷி இல்லாவிட்டால் திங்கட்கிழமை தான் எந்தச் செம்மண் பாதையில் நடந்துகொண்டிருப்போமோ என்று நினைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் சிரிச்சேனே, மூணாங் கிளாஸ்னு. அது தப்பு கண்மணி."

"தப்புதாங்க," என்றாள் அவள். ஆனால் நடக்கும்போது அவர் பக்கமாகக் கொஞ்சம் நெருங்கி நடந்தாள்.

மாடிப்படி பதினேழும் ஏறி வீட்டுக்குள் போனதும் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு கோப்பி போடேன்."

"போடறேன். அதுக்கு முன்னால ஒரு கணக்கு. இந்த ஆறு வாரத்துல என்கிட்ட எத்தனை பொய் சொன்னீங்க?"

மாஸ்டர் விரலை மடக்கினார். "ஒரு ஏழு இருக்கும்."

"ஏழுன்னா எப்படி இருக்கும்? காட்டுங்க," என்று கண்மணி வெங்காயக் கூடையை அவர் முன்னால் நகர்த்தினாள். "ஒரு பொய்க்கு ஒண்ணு. உரிச்சு வைங்க. நான் எண்ணிக்கிறேன்."

அன்றைக்கு வைத்த வெங்காயச் சாம்பார் மூன்று நாளைக்கு வந்தது.